எடையும் பங்கும்: போதைப்பொருள் வழக்குகளில் தண்டனை அளக்கப்படும் முறை

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயர் சிம்பாங் அம்பாட். நான்கு வழிகள் கூடும் சந்திப்பு என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். தென் செபராங் பிறையில் அமைந்த இவ்வூரிலிருந்து நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஈத்தாமை அடையலாம். மேற்கே பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலம் தீவுக்குச் செல்கிறது. சரக்கு செல்லும் வழியில் வாழ்வோருக்குச் சரக்கைச் சுமக்கும் வேலையும் எளிதில் வந்து வாய்க்கிறது. அவ்வேலையைத் தருபவர் யார், பொதிக்குள் இருப்பது யாது என்று கேளாமல் ஏற்றவர்களும் உளர். அறிந்தே ஏற்றவர்களும் உளர்.

போதைப்பொருள் வழக்கில் சிக்கியவரின் குடும்பத்தார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “அவன் எடுத்துச் சென்றவன் மட்டுந்தானே, கொடுத்தனுப்பியவன் வெளியில் இருக்கிறான், இவனுக்கும் அதே தண்டனையா?” என்பது அக்கேள்வி. சட்டத்தை எதிர்த்துக் கேட்கும் கேள்வியன்று அது. நீதி பற்றிய நியாயமான கேள்வி. அதற்கு நம் நாட்டுச் சட்டம் நாற்பது ஆண்டுகளில் எவ்வெவ்வாறு விடை கூறி வந்துள்ளது என்பதை இச்சொற்பொழிவில் விளக்க முயல்கிறோம்.

மொழிக்கென அமைந்த மன்றத்தில் தண்டனைச் சட்டத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்படுகிறது. குடும்பத்தார் அதைத் தமிழில் விளங்கிக்கொள்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே சில சொற்கள் பிறழ்ந்து போகின்றன. அப்பிறழ்ச்சியால் வழக்கே தவறாக உணரப்படுகிறது. ஆதலால் சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

1. மூன்று சொற்கள்

நம் நாளேடுகள் ‘போதைப்பொருள் கடத்தல்’ என்று எழுதுகின்றன. கடத்தல் என்றதும் எல்லை தாண்டிப் பெருஞ்சரக்கைக் கொணரும் கும்பலே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கூறும் செயலோ அதைவிட மிக விரிந்தது. மலாயில் அது ‘பெங்கெடாரான்’ எனப்படும். பரப்புதல், கைமாற்றுதல் என்று அதைச் சொல்லலாம். சட்டத்தின் 2-ஆம் பிரிவு இச்செயலின் கீழ் உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், வாங்குதல் ஆகியவற்றோடு வைத்திருத்தல், மறைத்தல், கொடுத்தல், பெறுதல், சேமித்தல், சுமத்தல், அனுப்புதல், ஒப்படைத்தல் ஆகியவற்றையும் அடுக்கிச் சொல்கிறது. ஒரு பையை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குக் கொண்டு சேர்ப்பதும் இவ்வரையறைக்குள் அடங்கும். “என் மகன் கடத்தவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தான்” என்று ஒரு தாய் சொல்லும்போது, தாம் அறியாமலே குற்றச்சாட்டின் ஒரு கூற்றை அவர் ஒப்புக்கொண்டு விடுகிறார்.

இரண்டாவது சொல் ‘உடைமை’. ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு ஈடாக நாம் இதை வழங்குகிறோம். தமிழில் உடைமை என்பது உரிமையைக் குறிக்கும். தன்னுடையது என்பதே அதன் இயல்பான பொருள். சட்டம் கேட்பதோ பொருள் யாருடையது என்பதையன்று. அது யாருடைய பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருந்தது, இன்ன பொருள் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்பவற்றையே கேட்கிறது. “அது என்னுடையதன்று” என்னும் விடை உண்மையாயினும் அக்கேள்விக்கு விடையாகாது. கைவசம் வைத்திருத்தல் என்று சொல்வோமாயின் இக்குழப்பம் நேராது.

மூன்றாவது சொல் ‘அனுமானம்’. இதைச் சந்தேகம் என்று பலர் கருதிவிடுகின்றனர். சட்டத்தில் அனுமானம் என்பது, ஓர் உண்மை மெய்ப்பிக்கப்பட்டதும் மற்றோர் உண்மையையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்னும் விதி. அதை உடைக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது விழும். போதைப்பொருள் வழக்குகளின் போக்கைப் பெரும்பாலும் இவ்விதியே தீர்மானிக்கிறது.

2. எடையிலிருந்து எழும் குற்றம்

சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இரண்டு அனுமானங்கள் முதன்மையானவை. போதைப்பொருள் அடங்கிய ஏதேனும் ஒன்று ஒருவரின் பொறுப்பில் இருந்ததெனக் காட்டப்பட்டால், அவர் அதைக் கைவசம் வைத்திருந்தார் என்றும் அதன் தன்மையை அறிந்திருந்தார் என்றும் கொள்ளப்படும், இது முதலாவது. குறித்த எடைக்குக் குறையாத பொருள் ஒருவரின் கைவசம் காணப்பட்டால், அவர் அதைப் பரப்புவதற்கே வைத்திருந்தார் என்று கொள்ளப்படும், இது இரண்டாவது. அந்த எடை ஹெராயினுக்கு 15 கிராம், கஞ்சாவுக்கு 200 கிராம், கொக்கேய்னுக்கு 40 கிராம், ஷாபு எனப்படும் மெத்தம்பெத்தமினுக்கு 50 கிராம்.

இவற்றின் விளைவை உணர்ந்துகொள்ள, கற்பனையாக ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 60 கிராம் ஷாபு அடங்கிய ஒரு பொட்டலம். அதை வாங்கப் பணம் போட்டவர் ஒருவர்; அவர் அதைத் தொட்டதே இல்லை. இரண்டு நாள் தம் வாடகை வீட்டில் அதை மறைத்து வைத்தவர் இரண்டாமவர். 300 ரிங்கிட் கூலிக்கு மோட்டார் சைக்கிளில் அதை எடுத்துச் சென்றவர் மூன்றாமவர். அவருடைய வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்ற நண்பர் நான்காமவர். வழியில் காவல்துறையினர் வண்டியை நிறுத்திப் பொட்டலத்தைக் கைப்பற்றுகின்றனர்.

அனுமானம் முதலில் யார் மீது விழும்? பையைத் தோளில் மாட்டியிருந்த மூன்றாமவர் மீதுதான். நான்காமவர் உடனிருந்தார் என்பது மட்டும் கைவசம் வைத்திருந்ததாகாது. அவர் அறிந்திருந்தார், அவருக்கும் அதன்மேல் கட்டுப்பாடு இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். எனினும் அவரும் அன்றே கைதாவார். இரண்டாமவரைப் பிடிக்க மூன்றாமவரின் வாக்குமூலமோ பிற தடயங்களோ தேவைப்படும். முதலாமவரை எந்த அனுமானமும் தீண்டாது, ஏனெனில் அவர் பொறுப்பில் எதுவும் இருக்கவில்லை. வணிகத்தில் மேலே செல்லச் செல்லப் பொருளைத் தொடுவோர் குறைவர். ஆகவே கைவசம் இருப்பதை அடிப்படையாகக் கொண்ட சட்டம் கீழ்ப்படியில் நிற்பவரை எளிதிற் பிடிக்கிறது. இக்குறையை அரசும் உணர்ந்திருந்தது. விசாரணையின்றித் தடுத்து வைப்பதற்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், சொத்துப் பறிமுதலுக்கான 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் மேற்படியில் இருப்போரை எட்டுவதற்கென்றே இயற்றப்பட்டன.

39பி பிரிவின் சொற்களும் கருதத்தக்கவை. ஒருவர் தம்பொருட்டோ பிறர்பொருட்டோ இச்செயலைச் செய்யலாகாது என்று அது கூறுகிறது. பிறருக்காகச் செய்தேன் என்பது குற்றத்திலிருந்து விடுவிக்காது. உடந்தையாயிருத்தல், முயலுதல், ஆயத்தம் செய்தல் ஆகியவற்றுக்கும் அதே தண்டனை என்பதை 33-ஆம் பிரிவு நிறுவுகிறது. குற்றவாளியா அல்லவா என்னும் கேள்வியில் நம் நால்வருக்கும் இடையே சட்டம் வேறுபாடு காண்பதில்லை. வேறுபாடு காண வேண்டிய இடம் தண்டனைதான்.

3. பங்கைக் கேளாத முப்பத்தைந்து ஆண்டுகள்

1975-இல் இக்குற்றத்திற்கு மரண தண்டனை விதிக்க வழி செய்யப்பட்டது. ஆயுள் சிறையும் மாற்றாக இருந்தது. 1983 ஏப்ரலில் மரண தண்டனை கட்டாயமாயிற்று. அன்று முதல், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதும் நீதிபதி செய்யக்கூடியது ஒன்றே ஒன்றாயிற்று. தண்டனையைக் குறைக்குமாறு வேண்டும் வாதத்தை அவர் கேட்டாலும் அதன்படி செய்ய அவருக்கு அதிகாரமில்லை.

அவ்வாண்டிலேயே பினாங்கில் அச்சட்டம் உலகின் கவனத்தைப் பெற்றது. 1983 நவம்பரில் பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையத்தில் கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் என்னும் ஆஸ்திரேலியர் இருவர் ஹெராயினுடன் கைதாயினர். அதன் எடை சட்டம் குறித்த 15 கிராமைப்போல் பன்மடங்கு. 1985-இல் பினாங்கு உயர் நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 1986 ஜூலை 7-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பயணப்பெட்டி ஒன்று, ஆட்கள் இருவர். அவ்விருவருள் வழிநடத்தியவர் யார், பின்தொடர்ந்தவர் யார் என்பதற்குத் தண்டனைக் கட்டத்தில் எப்பயனும் இல்லாதிருந்தது. ஒருவரின் பங்கு சிறிதென நீதிபதி நம்பியிருப்பினும் விதிக்கத்தக்க தண்டனை அதுவே.

கட்டாய தண்டனைக்கு ஆதரவான வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து சென்ற ஓங் ஆ சுவான் என்பவரின் முறையீட்டை 1980-இல் விசாரித்த இலண்டன் பிரிவி கவுன்சில், இவ்வணிகத்தால் சமுதாயத்திற்கு விளையும் தீமை பெரும்பாலும் சந்தைக்கு வரும் பொருளின் அளவைப் பொறுத்தது என்று கருதியது. அளவை வைத்துத் தண்டனை வகுப்பது தன்னிச்சையானதன்று என்பது அதன் முடிவு. சுமப்பவர் இல்லையேல் பொருள் நகராது. சுமப்பவருக்கு இரக்கம் காட்டினால் மேலுள்ளவர்கள் மேலும் பல ஏழைகளைச் சுமக்க வைப்பர் என்பதும் இவ்வாதத்தின் ஒரு பகுதி. போதைக்கு ஆளான பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நாளும் துன்புறும் பெற்றோர் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

எனினும் இவ்வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. எடை பொருளால் விளையும் கேட்டைக் காட்டும். மனிதன் செய்த தீமையின் ஆழத்தைக் காட்டாது. ஐந்து கிலோ உள்ள பெட்டியை 300 ரிங்கிட்டுக்குச் சுமந்தவர், பதினாறு கிராமைத் தம் இலாபத்துக்காகப் பங்கிட்டு விற்றவரை விடக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. சுமப்பவரை மலாய் ஏடுகள் ‘கெல்டாய் டாடா’ என்கின்றன. பொதி சுமக்கும் கழுதை என்னும் இவ்வுவமையிலேயே அவர் பிறர் ஏவலில் இயங்குபவர் என்னும் கருத்து அடங்கியிருக்கிறது. அவ்வேறுபாட்டை மக்கள் வழக்கு உணர்ந்திருந்தது. சட்டம் அதற்கு இடம் தராதிருந்தது. இந்தியாவில் அதே 1983-இல், மித்து என்பவரின் வழக்கில், ஆயுள் கைதி செய்யும் கொலைக்குக் கட்டாய மரண தண்டனை விதித்த சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. குற்றத்தின் சூழலை எண்ணிப் பார்க்க நீதிபதிக்கு வாய்ப்பு மறுக்கும் சட்டம் நியாயமானதன்று என்பது அதன் அடிப்படை. ஒரே ஆண்டில் இரு நாடுகளும் எதிரெதிர் வழிகளில் சென்றன.

4. கதவு திறந்த விதம்

மாற்றம் முதலில் அனுமானங்களின் பக்கம் நிகழ்ந்தது. ஓர் அனுமானத்தின் மேல் மற்றோர் அனுமானத்தை அடுக்கலாகாது என்று 1998-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, பை ஒருவர் பொறுப்பில் இருந்ததால் அறிந்திருந்தார் என்று கொண்டு, அதன்மேல் பரப்பவே வைத்திருந்தார் என்றும் கொள்ளுதல் கூடாது. கைவசம் வைத்திருந்ததை அரசுத் தரப்பு சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். 2014-இல் நாடாளுமன்றம் 37ஏ என்னும் புதுப் பிரிவைச் சேர்த்து அவ்வாறு அடுக்குவதை அனுமதித்தது. 2019 ஏப்ரல் 5-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். பிலிப்பீன்ஸ், தாய்லாந்து நாடுகளைச் சேர்ந்த பெண்கள் இருவரின் வழக்குகள் அவை. இருவரும் தாம் சுமந்து வந்த பைகளுள் மறைந்திருந்த பொருளுக்காக மரண தண்டனை பெற்றவர்கள். அவர்கள் மீதான பரப்புதல் குற்றம் நீக்கப்பட்டு, கைவசம் வைத்திருந்த குற்றமாக மாற்றப்பட்டது.

தண்டனையின் பக்கத்தில் முதல் மாற்றம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 மார்ச் 15-இல் நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனைக்கு மாற்றாக ஆயுள் சிறையும் 15-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்கு அவர் கருத வேண்டியவையாக நான்கு செய்திகள் குறிக்கப்பட்டன. கைதான நேரத்தில் வாங்கல் விற்றலுக்குச் சான்று இல்லாமை. காவல்துறையின் தூண்டுமுகவர் ஈடுபடாமை. பங்கு சுமத்தல், எடுத்துச் செல்லல், அனுப்புதல், ஒப்படைத்தல் என்னும் அளவில் நின்றமை. இவ்வணிகத்தைக் குலைக்க அமலாக்கத் துறைக்கு உதவியமை. ‘சுமந்தவர் மட்டுமா?’ என்னும் குடும்பத்தாரின் கேள்வி நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் முதன்முறையாக எழுத்து வடிவம் பெற்றது இங்கேதான்.

2023 ஏப்ரலில் மக்களவை கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு ஜூலை 4 முதல் அது நடைமுறையில் உள்ளது. இப்போது 39பி பிரிவின் கீழ் மரணமா ஆயுள் சிறையா என்பதை நீதிபதியே முடிவு செய்கிறார். ஆயுள் சிறை விதித்தால் 12-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு; பெண்களுக்கும் ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கும் பிரம்படி இல்லை. ஆயுள் சிறை என்பது நம் சட்டத்தில் 30 ஆண்டுகள் எனக் கணக்கிடப்படும். உயிர் உள்ளவரை என்று பொருள்படாது. முன்பே மரண தண்டனை பெற்றிருந்தவர்களுக்காக மற்றொரு சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவர்கள் தம் தண்டனையை மீளாய்வு செய்யுமாறு கூட்டரசு நீதிமன்றத்தை வேண்டலாயிற்று. மரண தண்டனைக் கைதிகளாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருள் பெரும்பகுதியினர் போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு விதித்த தண்டனையில் அவரவர் பங்கு அதுவரை எண்ணப்படவே இல்லை.

5. பிற நாடுகளின் அளவுகோல்கள்

பங்கை எவ்வாறு அளப்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. நமக்கு மிக அண்மையில் உள்ள சிங்கப்பூரில் 2013 முதல், சுமந்தவர் மட்டுமே என நிறுவப்பட்டாலும் அது போதாது. போதை வணிகத்தைக் குலைப்பதில் அவர் பெரிதும் உதவினார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளிக்க வேண்டும். அல்லது அவருடைய பொறுப்புணர்வைப் பெரிதும் பாதித்த மனக்கோளாறு மெய்ப்பிக்கப்பட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லையேல் மரண தண்டனைதான். இவ்விதியின் கடுமையைப் பேராக்கைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் என்னும் இளைஞரின் வழக்கில் நம் மக்கள் கண்டனர். 2009-இல் 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அவர் பிடிபட்டார். அவருடைய நுண்ணறிவு ஈவு 69 என மதிப்பிடப்பட்டது. சட்டம் கேட்கும் மனக்கோளாறு அதுவன்று என நீதிமன்றம் முடிவு செய்தது. அரசு வழக்கறிஞரின் சான்றும் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் 27-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். கீழ்ப்படியில் நிற்பவருக்குச் சொல்வதற்கு ஏதும் தெரிந்திருப்பது அரிது. மேலுள்ளவரை அறிந்தவருக்கே உதவி செய்ய இயலும். ஆகவே உதவியை மட்டும் அளவாகக் கொண்டால், பங்கு சிறிதாக உள்ளவருக்கே வாய்ப்பும் சிறிதாகிவிடுகிறது.

இங்கிலாந்தில் தண்டனை மன்றம் 2012-இல் வகுத்து 2021-இல் திருத்திய நெறிமுறைகள் வேறு வழியில் செல்கின்றன. அங்கே எடையும் பங்கும் தனித்தனியே அளக்கப்பட்டுப் பின் இணைக்கப்படுகின்றன. பங்கு மூவகை. பெருமளவில் வாங்கல் விற்றலை ஒழுங்குபடுத்தியவர், மூலத்தோடு நெருங்கிய தொடர்புடையவர், பெரும் ஆதாயம் எதிர்பார்த்தவர் ஆகியோர் தலைமைப் பங்கினர். வணிகத்தில் செயற்பொறுப்பு உடையவர் குறிப்பிடத்தக்க பங்கினர். பிறர் ஏவலில் சிறு பணி செய்தவர், அச்சுறுத்தலாலோ அறியாமையாலோ ஈடுபட்டவர், மேலுள்ளோர் மீது செல்வாக்கு இல்லாதவர் ஆகியோர் சிறு பங்கினர். 5 கிலோ ஹெராயினை வழங்கிய வழக்கில் தலைமைப் பங்கினருக்குத் தொடக்கப் புள்ளி 14 ஆண்டுகள், குறிப்பிடத்தக்க பங்கினருக்கு 10, சிறு பங்கினருக்கு 7. அங்கிருந்து வயது, முன்குற்றம், குற்றத்தை ஒப்புக்கொள்ளல் போன்றவை தண்டனையைக் கூட்டியோ குறைத்தோ செல்கின்றன.

இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் எடையையே நம்புகிறது. 250 கிராம் ஹெராயின் வணிக அளவு எனப்படும். அதற்குக் குறைந்தது 10 ஆண்டுகள், கூடியது 20 ஆண்டுகள் சிறை. அவ்வெல்லைகளுக்கு இடையில், சிறுவர்களைப் பயன்படுத்தியமை, ஆயுதம் ஏந்தியமை, அரசுப் பதவியில் இருந்தமை போன்றவற்றைக் கருதி நீதிபதி பத்தாண்டுக்கு மேல் விதிக்கலாம். பத்து ஆண்டுகள் என்னும் அடித்தளத்திற்குக் கீழே சுமந்தவரையும் இறக்க முடியாது.

6. இரண்டே கோடுகள் உள்ள அளவுகோல்

இவற்றோடு ஒப்பிட்டு நம் நிலையை நோக்குவோம். நீதிபதியின் கையில் இப்போது அளவுகோல் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டே கோடுகள் உள்ளன. ஒன்று மரணம், மற்றொன்று முப்பது ஆண்டுகள். நம் கற்பனை நிகழ்ச்சியில் பணம் போட்டவருக்கும் கூலிக்குச் சுமந்தவருக்கும் 39பி பிரிவின் கீழ் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், முப்பது ஆண்டுகளுக்குக் கீழே இருவருக்கும் இடமில்லை. இருபது வயதில் சுமந்தவர் அத்தண்டனையை முழுமையாகக் கழித்தால் ஐம்பது வயதில் வெளிவருவார்.

உண்மையான படிநிலைகள் வேறிடத்தில் இருக்கின்றன. அவை தண்டனைக் கட்டத்தில் இல்லை. குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உள்ளன. கைவசம் வைத்திருந்த குற்றத்திற்கு 39ஏ பிரிவில் இரு படிகள் உண்டு. ஹெராயின் 2 கிராமிலிருந்து 5 கிராமுக்குள் இருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் சிறையும் 3 முதல் 9 பிரம்படியும். 5 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஆயுள் சிறையோ 5 ஆண்டுகளுக்குக் குறையாத சிறையோ விதிக்கப்படும். அத்தோடு 10-க்குக் குறையாத பிரம்படியும் உண்டு. பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர், குற்றச்சாட்டைக் கைவசம் வைத்திருந்ததாகக் குறைக்குமாறு சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்திற்கு எழுத்து வழி முறையீடு செய்வது வழக்கம். அது ஏற்கப்பட்டால் முப்பது ஆண்டுகளுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கும் இடையேயுள்ள வெளி முழுவதும் நீதிபதிக்குத் திறக்கிறது. ஒருவரின் பங்கைப் பற்றிய மிகப் பெரிய முடிவு இவ்வாறு திறந்த நீதிமன்றத்திற்கு வெளியே, காரணம் கூறப்படாமல் எடுக்கப்படுகிறது.

இது குறை என்றே நாம் கருதுகிறோம். 39பி பிரிவிலேயே முப்பது ஆண்டுகளுக்குக் குறைந்த தண்டனைக்கு இடமளித்து, பங்கின் வகைகளையும் எழுத்தில் வகுத்துவிட்டால், ஒருவர் ஏன் இத்தண்டனை பெற்றார் என்பதைத் தீர்ப்பில் எவரும் படித்தறியலாம். மேல்முறையீட்டில் அதைச் சோதிக்கவும் முடியும். தலைமைப் பங்கினருக்குக் கடுந்தண்டனை விதிப்பதற்கும் அதுவே உறுதியான அடிப்படையாகும்.

7. குடும்பத்தார் அறிய வேண்டியவை

பங்கு தண்டனையில் எண்ணப்பட வேண்டுமாயின் அது சான்றாக நீதிமன்றத்தின் முன் வர வேண்டும். தீர்ப்பு நாளில் வழக்கறிஞர் கண்ணீரோடு கூறும் சொற்கள் மட்டும் சான்றாகா. பொட்டலத்தைக் கொடுத்தவர் யார், எங்கே, எவ்வளவு கூலி பேசப்பட்டது, கட்டளைகள் எவ்வழியே வந்தன, கைப்பேசியில் என்ன செய்திகள் உள்ளன என்பவையே பங்கைக் காட்டும்.

இவற்றைச் சொல்லும் காலமும் முக்கியம். 1996-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கின் பெயரால் ‘அல்கொந்தாரா அறிவிப்பு’ என்று வழக்கறிஞர்கள் வழங்கும் நெறி ஒன்று உண்டு. பொருளைத் தமக்குக் கொடுத்த பிறரைப் பற்றிய விவரத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தொடக்கத்திலேயே தெரிவித்திருந்தால், அதை விசாரித்து உண்மை காண்பது அரசுத் தரப்பின் கடமை. பிற்பாடு புனைந்த கதை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அவ்விவரம் எதிர்வாதக் கட்டத்தில்தான் முதன்முறையாக வெளிவந்தால் அதன் மதிப்பு குன்றுகிறது. ஆனால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை வழக்கறிஞரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். கைதானவருக்கு உறவினரிடம் தெரிவிக்கவும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் உரிமை தருகிறது.

அதே சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால் அது அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும். மலாய் ஓரளவு தெரியும் என்பதற்காக இவ்வுரிமையைக் கைவிடுவோர் பலர். கடையில் பேசும் மலாய் வேறு, அனுமானத்தை விளக்கும் மலாய் வேறு. மொழிபெயர்ப்பாளர் ‘கைவசம்’ என்று சொல்வதற்கும் ‘உடைமை’ என்று சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு, ஒருவர் தரும் விடையையே மாற்றிவிடும். தமிழில் வழக்குச் சொற்களைத் தெளிவாக வரையறுத்து வழங்குவது நம்மைப் போன்ற மன்றங்களின் பணி என்று நாம் முதலிற் சொன்னதன் காரணம் இதுவே.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். சுமந்தவனுக்கும் கொடுத்தனுப்பியவனுக்கும் ஒரே தண்டனையா? 1983 முதல் 2018 வரை நம் சட்டத்தின் விடை ஆம் என்பதே. இன்று அவ்விடை கட்டாயமன்று. நீதிபதி வேறுபாடு காணலாம், ஆயினும் முப்பது ஆண்டுகளுக்குக் கீழே அவர் இறங்க முடியாது. இவ்வெல்லை மாறும்வரை, சிம்பாங் அம்பாட்டின் சாலையோர உணவுக்கடையில் ஓர் இளைஞரிடம் ஒரு பையை நீட்டி, இதைப் பிறையில் சேர்த்துவிடு, 300 ரிங்கிட் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும் நேரத்தில், அப்பைக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை முப்பது ஆண்டுகள் என்பதை அவ்விளைஞர் அறிந்திருக்க வேண்டும். அதை அவருக்குப் புரியும் தமிழில் முன்கூட்டியே சொல்லி வைப்பது பெற்றோரும் ஆசிரியரும் மன்றங்களும் செய்யத்தக்க பணியாகும்.